ஜாடியில் போட்ட மின்சாரம்

1953ஆம் வருடம் சித்திரை மாதத்தில் திண்டுக்கல்லில் பதினோரு நாட்கள் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது பேகம்பூரில் ஜெய்தூன் பீவியின் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. மின்சாரத்தை அவர் ஊறுகாய் ஜாடியில் போட்டு வைத்திருந்தார். இரண்டு வருடமாக மழை பொய்த்து மலை அணைகளில் சேறு தெரிந்தது. தண்ணீர் விழுந்தால் சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால் கம்பியில் மின்சாரம் வரும் என்பதால், விழத் தண்ணீர் இல்லாத நாட்களில் ஊரே சிம்னி விளக்குக்குத் திரும்பியிருந்தது. எலுமிச்சை சற்று விலை ஏறியிருந்தது என்பதைத் தவிர அந்த மாதத்தைப் பற்றிக் குறிப்பிட வேறொன்றும் இல்லை.

ஜெய்தூன் பீவி இதைக் கண்டுபிடித்தது நான்கு வருடங்களுக்கு முன்பு, அவர் வீட்டுக்கு முதன்முதலாக மின்சாரம் வந்தபோது. கூடத்தில் ஒரு பல்பும் அடுப்படியில் ஒரு பல்பும் மாட்டிய பிறகு மிஞ்சிய கம்பியை வேலைக்காரர்கள் சாமான் அறையின் உத்திரத்தில் சுற்றித் தொங்கவிட்டுப் போனார்கள். அதன் நுனி காற்றில் ஆடி ஆடி, வாய் திறந்திருந்த எலுமிச்சை ஊறுகாய் ஜாடிக்குள் இறங்கியது. பீவி அதைக் கவனிக்காமல் மேலே துணி போட்டுக் கட்டிவிட்டார். நாற்பது நாள் கழித்து அவிழ்த்தபோது எலுமிச்சைத் துண்டுகள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. அதை முதலில் சாப்பிட்டது வேடசந்தூரிலிருந்து வந்திருந்த அவருடைய நாத்தனார். அந்த அம்மாள் பழைய சோற்றோடு இரண்டு துண்டு சாப்பிட்டு, மூன்று நாள் கண் மூடாமல் பேசி, வீட்டில் இருந்த பாத்திரங்களையெல்லாம் துலக்கி, பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையின்றி நடந்தே வேடசந்தூர் போய்ச் சேர்ந்தார். போன பிறகு பீவி ஒரு பல்பை எடுத்து அதன் வயரை ஜாடிக்குள் விட்டுப் பார்த்தார். பல்பு எரிந்தது. கொஞ்சம் மஞ்சளாக எரிந்தது.

இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு ஊறுகாய் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த பீவிக்கு இது பெரிய யோசனையாக இருக்கவில்லை. மழைக்காலத்தில் மின்சாரம் தாராளமாக வருகிறது, வெயில் காலத்தில் வருவதில்லை. தாராளமாக வருகிற எதையும் உப்பில் போட்டு வைப்பதுதானே வழக்கம். ஜாடி ஈரமில்லாமல் இருக்க வேண்டும். கல் உப்பு தாராளமாக வேண்டும். நாற்பது நாள் தொடக் கூடாது. அவசரப்பட்டு இருபதாம் நாள் எடுத்தால் மின்சாரம் பச்சையாக இருக்கும், ஃபேன் சுற்றாமல் தலையை மட்டும் ஆட்டும். விளக்குக்கு எலுமிச்சை போதும். ஃபேனுக்கு நார்த்தங்காய், மெதுவாக ஆனால் விடாமல் சுற்றும். மாங்காயில் போட்டால் ரேடியோ நன்றாகப் பாடும், என்றாலும் இலங்கையைத் தவிர வேறு ஸ்டேஷன் எடுக்காது. பூண்டில் போட்டது மட்டும் சரிப்படவில்லை. அந்த வெளிச்சத்தின் கீழ் யாராலும் உட்கார முடியவில்லை. மோட்டார் ஓட்ட வேண்டுமென்றால் காய்ந்த மிளகாய்தான்.

அவருடைய கணவர் நைனா முகமது ராவுத்தருக்குப் பழனி ரோட்டில் பேட்டரி சார்ஜ் கடை இருந்தது. லாரி பேட்டரிகளும், மின்சாரம் எட்டாத கிராமங்களின் பஞ்சாயத்து ரேடியோ பேட்டரிகளும் அங்கே வரிசையாகக் கொப்புளித்துக்கொண்டிருக்கும். ஈயத் தகடும் ஆசிட்டும் அவருக்கு இருபது வருடப் பழக்கம். ஆசிட் தெறித்துத் தெறித்து அவருடைய கைலிகள் எல்லாம் சல்லடையாகியிருந்தன. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற ஆள் திண்டுக்கல்லில் தான் ஒருவன்தான் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. அவர் கட்டுகிற பேட்டரி ஒரு மாதம் சும்மா இருந்தால் செத்துப் போகும். மனைவியின் ஜாடியோ மூன்று வருடம் கழித்துத் திறந்தாலும் இன்னும் பதமாகத்தான் இருந்தது. இதைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. விளக்கு எரிந்தால் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார்.

அகரத்துச் சுந்தரம்மாள் வராமல் இருந்திருந்தால் விஷயம் அவ்வளவோடு நின்றிருக்கும். பீவிக்கு எலுமிச்சையும் மிளகாயும் கொண்டுவந்து போடுகிறவள் அவள்தான். புருஷன் இறந்த மறு வருடம் கமலை மாடுகள் இரண்டையும் விற்று, அகரத்திலேயே முதல் ஆளாக மூன்று குதிரைச் சக்தி மோட்டார் வாங்கிக் கிணற்றில் இறக்கியிருந்தாள். கொழுந்தன் சின்னக்கண்ணு ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, ஒரு பொம்பளை மெஷினை நம்பி விவசாயம் பார்க்க முடியாது, இந்த வெள்ளாமை எடுக்காவிட்டால் நிலத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அவர்களும் சரியென்று தலையாட்டியிருந்தார்கள். ஒன்றரை ஏக்கர் கத்தரி. கிணற்றில் தண்ணீர் கிடந்தது. மோட்டார் கிடந்தது. மின்சாரம் மட்டும் இல்லை. இறைக்க மாடும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அவள் வெறுங்கையோடு வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

“என்னடி சுந்தரம், கூடையக் காணோம்?”

“கூடையில அள்ள என்னக்கா இருக்கு? செடியெல்லாம் தலையத் தொங்கப் போட்ருச்சு. எங்க கொழுந்தன் வரப்புல நின்னு தெனம் பாத்துட்டுப் போறான். இன்னும் எத்தன நாளுன்னு எண்ணுறான்க்கா.”

பீவி சாமான் அறைக்குள் போய் இடுப்புயர ஜாடி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். “மொளகாயில போட்டது. ரெண்டு வருசம் ஊறுனது. பாத்துக் கொண்டு போ. ஈரக் கையால மட்டும் தொட்றாத.”

ஜாடியைப் பொம்மையன் என்பவருடைய மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். பொம்மையனின் மாடுகள் கிழடு. தாடிக்கொம்பு ரோட்டில் பள்ளத்தில் விழுந்து ஏறும்போது ஜாடியிலிருந்து இரண்டு சொட்டு தளும்பி முன்னால் தெறித்ததாகவும், அதன்பிறகு மாடுகள் வேடசந்தூர் பஸ்ஸை முந்தியதாகவும் பொம்மையன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். அன்று பகல் சுந்தரம்மாளின் மோட்டார் ஐந்து மணி நேரம் ஓடியது. சுற்று வட்டாரத்தில் வேறு எந்த மோட்டாரும் ஓடாததால் அந்தச் சத்தம் மூன்று ஊருக்குக் கேட்டது. சின்னக்கண்ணு வரப்பில் குந்தி, வாய்க்காலில் வருகிற தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். லேசாகக் காரமாக இருந்தது.

மறுநாளிலிருந்து பேகம்பூர்த் தெருவில் வண்டிகள் நின்றன. பீவி யாரையும் திருப்பி அனுப்பவில்லை. பிரசவம் நடக்கிற வீட்டுக்கு எலுமிச்சை ஜாடி, காய்ச்சலில் கிடக்கிறவர்களுக்கு நார்த்தங்காய் ஜாடி என்று கொடுத்தார். மிளகாய் ஜாடிகள் நான்கை மட்டும் சுந்தரம்மாளுக்கு என்று தனியாக ஒதுக்கி வைத்தார். இதையெல்லாம் நைனா முகமது பொறுத்துக்கொண்டார். பழனி ரோட்டில் ஒரு லாரி டிரைவர் அவருடைய கடைக்கு வழி கேட்க, டீக்கடைக்காரர், “யாரு, ஜாடிக்காரம்மா வீட்டுக்காரரா?” என்று திருப்பிக் கேட்டதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அன்று மத்தியானம் பீவி வத்தலக்குண்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ராவுத்தர் கடையைச் சாத்திவிட்டு வந்து, ஒரு மர அகப்பையைப் பானைத் தண்ணீரில் முக்கி, நான்கு மிளகாய் ஜாடிகளிலும் ஒவ்வொரு கிண்டு கிண்டி, துணியைப் பழையபடியே கட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பினார். சாயந்தரம் வந்த பேட்டரிகளுக்கெல்லாம் ஆசிட்டுக்குப் பதிலாக டீயை ஊற்றினார் என்பதைப் பார்த்தால், அவர் மனம் நிம்மதியாக இல்லை என்று தெரிகிறது.

மின்சாரத்தில் பூஞ்சை பிடித்தால் அது நீல நிறமாக இருக்கும். இரண்டே நாளில் அது ஜாடி வாயைத் தாண்டிச் சாமான் அறைச் சுவரில் பஞ்சு போல ஏறியது. தெருப் பூனைகளுக்கு முடி சிலிர்த்து ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசா மாவாட்டப் போனபோது ஆட்டுக்கல் தானாகவே சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அரிசியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பீவி அறைக்குள் போய் நான்கு துணியையும் அவிழ்த்து முகர்ந்தார். அகப்பை மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தார். அகப்பை தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. அந்த வீட்டில் அப்படி மாட்டுகிறவர் ஒருவர்தான்.

அடுத்த ஜாடிக்காக வந்த சுந்தரம்மாளிடம் பீவி, கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ராவுத்தருக்குக் கேட்கிற மாதிரி, “கெட்டுப் போச்சுடி” என்றார்.

சுந்தரம்மாள் அழவில்லை. பிஞ்சு வைக்கிற நேரம், இன்னும் நாலு தண்ணி விட்டால் போதும், அவ்வளவுதான் கேட்டேன் என்றாள். பிறகு கூடத்தைப் பார்த்து, “அண்ணே, உங்க பேட்டரியில மோட்டார் ஓடாதா?” என்றாள்.

ராவுத்தர் கை கழுவிவிட்டு எழுந்தார். ஒரு மணி நேரத்தில் கடையில் இருந்த முப்பத்தெட்டு பேட்டரிகளும் பொம்மையன் வண்டியில் ஏறி அகரத்தில் இறங்கின. கிணற்று மேட்டில் அவற்றை ஒன்றோடொன்று கோத்து மோட்டாரில் கொடுத்தார். மோட்டார் ஒருமுறை உறுமிவிட்டு அசையாமல் சூடானது. பேட்டரியின் மின்சாரம் ஒரே திசையில் நேராக ஓடுகிற மின்சாரம்; இந்த மோட்டாருக்கோ முன்னும் பின்னுமாக ஆடுகிற மின்சாரம்தான் பழக்கம். இது அவருக்கு முன்பே தெரியும். தெரிந்தும் செய்தார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவரைப் பார்த்துச் சின்னக்கண்ணு, “விடுங்க ராவுத்தரே, நமக்கு வராதத நாம ஏன் செய்யணும்?” என்று ஆறுதலாகச் சொன்னான். அந்த ஆறுதல்தான் அவரை எழுப்பியது.

வீட்டுக்கு வந்து பீவி எதிரில் நின்றார்.

“நாந்தான் செஞ்சேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் சும்மா இருக்கெ?”

“நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். ரெண்டு நாளாச்சு. இருவது வருசமா உங்க பேட்டரி வாடைக்குள்ள நான் சோறாக்கலயா? எஞ் ஜாடி வாடை உங்களுக்கு ஆகலயா?”

ராவுத்தர், செத்த பேட்டரியைக்கூடத் தன்னால் எழுப்ப முடியும் என்றார். வேகமாக ஏற்றினால் தகடு வெந்துபோகும். சொட்டுச் சொட்டாக, மூன்று நாளைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிடித்துக்கொள்ளும். பீவி, கெட்ட ஊறுகாயைத் தன்னால் எழுப்ப முடியும் என்றார். மேலே பிடித்ததை வழித்து எறிந்துவிட்டு, நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கடுகும் பெருங்காயமும் தாளித்துச் சூட்டோடு ஊற்ற வேண்டும். இரண்டையும் செய்தார்கள். முப்பத்தெட்டு பேட்டரிகளும் பேகம்பூர் வீட்டு முற்றத்துக்கு வந்து, நான்கு ஜாடிகளுக்குள்ளும் மூன்று நாள் சொட்டின. அந்த மூன்று நாளும் ராவுத்தர் ஜாடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பீவி அவருக்குச் சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தார், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எதுவும் இல்லாமல் வைத்தார். மூன்றாம் நாள் தாளிப்பு ஊற்றியபோது எழுந்த சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அன்று ராத்திரிச் சோற்றில் ஒரு அவித்த முட்டை இருந்தது.

ஜாடிகள் அகரம் போயின. முதல் ஜாடியை இணைத்தபோது ராவுத்தர் பதற்றத்தில் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார். மோட்டார் தலைகீழாகச் சுற்றி, வாய்க்காலில் கிடந்த தண்ணீரைக் கிணற்றுக்கே இழுத்தது. பதினொரு நிமிடம் அப்படி ஓடியதில் பிஞ்செல்லாம் பூவானது, பூவெல்லாம் மொட்டானது, தெற்கு மூலையில் நான்கைந்து செடிகள் நாற்றாகவே ஆகிவிட்டன. சின்னக்கண்ணுவுக்கு அன்று காலை சவரம் செய்த தாடி திரும்ப முளைத்தது. சுந்தரம்மாள் போட்ட சத்தத்தில் ராவுத்தர் வயரைப் பிடுங்கி மாற்றினார். தண்ணீர் மேலே வந்தது. பெருங்காய வாசனையோடு வந்தது. நான்கு ஜாடியும் தீர்கிற வரையில் வயல் குடித்தது. காய் பறிப்பது எட்டு நாள் தள்ளிப்போனதே தவிர ஒரு செடியும் சாகவில்லை. அந்த வருடக் கத்தரிக்காயை எண்ணெயில் போட்டால் போதும், தாளிக்க வேண்டியதில்லை என்று திண்டுக்கல் மார்க்கெட்டில் பெண்கள் தேடி வாங்கினார்கள். நிலம் சுந்தரம்மாளிடமே இருந்தது. சின்னக்கண்ணு அடுத்த வருடம் தன் கமலை மாடுகளை விற்றான். விற்ற கையோடு அண்ணியிடம் வந்து, ஜாடிக்குச் சொல்லி வைக்கச் சொன்னான்.

மின்வெட்டு நாட்களில் அகரத்தில் ஒரு மோட்டார் ஓடியதாகத் தகவல் போய், மின்சார ஆபீசிலிருந்து ஆரோக்கியதாஸ் என்ற இளம் இன்ஜினியர் சைக்கிளில் விசாரிக்க வந்தார். உற்பத்தி செய்கிற மின்சாரத்தை அந்தக் கணமே செலவழித்தாக வேண்டும், மலைமேல் தண்ணீராக நிறுத்தி வைக்கலாமே தவிர மின்சாரமாகவே நிறுத்தி வைக்க முடியாது என்று படித்தவர். கண்ணாடி ஜாடிக்கு ஈயத்தாள் சுற்றி மின்சாரம் பிடிக்கும் வித்தையைக் காலேஜில் செய்திருந்தார். அது ஒரு பொறியோடு தீர்ந்துவிடும். பீவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, மீட்டரை எடுத்து ஒரு ஜாடிக்குள் விட்டுப் பார்த்தார். முள் இருநூற்று முப்பதில் போய் நின்றது. மீட்டரைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“இது லைன்ல இருந்து திருடின கரண்டாம்மா?”

“ஏன் திருடணும்? வந்தப்ப எங்க மீட்டர் சுத்தித்தான் வந்துச்சு. அப்பவே தின்னாம எடுத்து வெச்சேன். அது தப்பா?”

அதைத் தப்பு என்று சொல்கிற பிரிவு எதுவும் சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆரோக்கியதாஸ் மூன்று பக்க அறிக்கை எழுதி, ஒரு சிறு ஜாடி நார்த்தங்காயை மாதிரிக்கு வாங்கிக்கொண்டு மெட்ராசுக்கு ரயில் ஏறினார். திருச்சியில் வாங்கிய தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தில் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு துண்டு மட்டும் என்று எடுத்தவர் விழுப்புரம் வருவதற்குள் ஜாடியை வழித்துவிட்டார். எழும்பூரில் அவர் இறங்கி நடந்தபோது பிளாட்பார விளக்குகள், பகல் என்றும் பாராமல், அவர் போகப் போக ஒவ்வொன்றாக எரிந்தன. மேலதிகாரியின் அறையில் ஃபேன் சுவிட்சைப் போடாமலே சுற்றியது. பரிசோதனைக்கு வந்து சேர்ந்தது காலி ஜாடி என்பதால், “மாதிரி உபயோகிக்கப்பட்டுவிட்டது” என்று எழுதி ஃபைலை மூடினார்கள். அவருக்கு ஒரு வாரம் மருத்துவ விடுப்பு கொடுத்தார்கள். அந்த ஒரு வாரமும் அவர் தூங்கவில்லை. இந்தி படித்து முடித்தார்.

வருடங்கள் போயின. ராவுத்தர் பேட்டரிக் கடையை விடவில்லை. ஆனால் கடையின் பின்பக்கம் ஆறு ஜாடிகள் வந்தன, சொட்டுச் சொட்டாக ஏற்றிக் கொடுக்க அவர் வாரக் கணக்கு கேட்டார், அவசரம் என்று வந்தவர்களைத் திட்டி அனுப்பினார். பீவிக்கும் அவருக்கும் உப்பின் அளவு பற்றி நடந்த சண்டை 1957இல் தொடங்கி இன்னும் முடியவில்லை. பேகம்பூரிலிருந்து நாகல் நகர், அங்கிருந்து மேற்கே செம்பட்டி, ஆத்தூர் வரை பெண்கள் பழகிக்கொண்டார்கள். ஆத்தூர்க்காரிகள் வெல்லம் சேர்த்தார்கள். அதில் எரிந்த விளக்கில் எறும்பு மொய்த்தது. கீரனூர்ப் பக்கம் மோரில் போட்டுப் பார்த்தார்கள். ஒரே நாளில் புளித்துவிட்டாலும் தறி நன்றாக ஓடியது என்கிறார்கள். ஐப்பசி மழையில் லைனில் மின்சாரம் பொங்கி வரும்போது தெருவெல்லாம் ஜாடி கழுவிக் கவிழ்த்துக் காய வைப்பார்கள். எலுமிச்சைக்கு அந்த மாதத்தில் இப்போதும் விலை ஏறித்தான் இருக்கும்.

1964இல் ஆரோக்கியதாஸ் பதவி உயர்ந்து திண்டுக்கல்லுக்கே மாற்றலாகி வந்தார். உடன் வந்த அவர் மனைவி புஷ்பமேரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இந்த ஊருக்குப் புதியவர். வந்த முதல் நாள் காலையில் சாமான்களை இறக்கிவிட்டுப் பக்கத்து வீட்டில் பால் எங்கே வாங்குவது, துணி வெளுக்க யாரைக் கேட்பது, நல்ல தண்ணீர் எப்போது வரும் என்றெல்லாம் விசாரித்தார். பக்கத்து வீட்டு அய்யம்மாள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

“அப்புறம் கோடைக்குக் கரண்ட் எவ்வளவு போட்டு வெக்கணும்க்கா? எங்க ஊர்ல பழக்கமில்ல.”

“எத்தன பேரு வீட்ல?”

“நாங்க ரெண்டு பேரும் பிள்ளை ஒண்ணும்.”

அய்யம்மாள் முறத்தில் இருந்த அரிசியை ஒரு தடவை தட்டிப் புடைத்துவிட்டு, “அஞ்சு ஜாடி போதும்,” என்றார். “ஆறாப் போட்டுக்கங்க. விருந்தாளு வருவாக.”